வீட்டிலேயே ஃபேஷியல்: கம்பம், கூடலூர், குமுளிப் பக்கத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் தேனி மாவட்டம் கம்பத்தில் ஒரு சின்ன பார்லரில் 11 வருடம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தே தையல். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் துணியைக் கீழே வைக்கும் முன்பே முகத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மலைக்கு மேலே தோட்டத்துக்குப் போகிறவர்கள், கேரள எல்லையில் குமுளியில் மசாலாக் கடையில் நிற்கிற பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமானவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பார்லரில் செய்கிற அதே பலன் வீட்டில் கிடைக்குமா அக்கா?

பெரும்பாலும் கிடைக்கும். பார்லரில் நாங்கள் செய்வது நாலு வேலைதான்: அழுக்கை எடுப்பது, மேலே இருக்கிற இறந்த தோலை மெல்லத் தேய்த்து எடுப்பது, மசாஜ், கடைசியில் ஈரப்பதம் கொடுப்பது. எழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் தெரிகிற பளபளப்பு மசாஜில் ஓடிய ரத்தமும் தோலில் நின்ற ஈரமும்தான். ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அது இரண்டு மூன்று நாள், வீட்டில் செய்தாலும் இரண்டு மூன்று நாள்.

வீட்டில் முடியாதது, பார்லரிலும் முடியாதது என்று சில உண்டு. மங்கு போகாது. பெரிய பரு ஆறாது. பிறந்த நிறம் மாறாது. மாறும் என்று யாராவது சொன்னால் பணப்பையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

பாசிப்பயறு மாவு (குமுளிக் கடையில் செறுபயறுப் பொடி என்று கேட்டால் தருவார்கள்), புளிக்காத தயிர், ஒரு ஸ்பூன் தேன், காய்ச்சி ஆற வைத்த பால், பாதி வெள்ளரிக்காய். பயறு மாவு கடையில் வாங்கவே வேண்டாம். பயறைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். மாவுச் சல்லடை போதாது, துணிதான். விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் மணல் மாதிரி நறநறவென்று இருக்கக் கூடாது. தயிரும் வெள்ளரிக்காயும் சேர்த்து 30, 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மற்றது அடுப்படியிலேயே இருக்கும்.

முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது?

முந்தின நாளே ஒரு வேலை இருக்கிறது. எதை முகத்தில் போடப் போகிறீர்களோ அதை முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசி, 15 நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு ஆகாது. தயிர்கூட ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மறுநாள் வேலை எல்லாம் முடித்து, இனி வெயிலில் இறங்க வேண்டியதில்லை என்ற நேரத்தில் உட்காருங்கள். சாயங்காலம் நல்லது. முடியை இழுத்துக் கட்டி, கையை முகத்தை விடச் சுத்தமாகக் கழுவுங்கள். வெங்காயம் நறுக்கிய கை, பச்சை மிளகாய் கிள்ளிய கை என்றால் இரண்டு தடவை சோப்புப் போடுங்கள்.

காய்ச்சி ஆறிய பாலில் பஞ்சை நனைத்து முகம், கழுத்து முழுக்கத் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும், அது நிற்கும் வரை துடைத்தால் போதும். அப்புறம் ஒரு ஸ்பூன் பயறு மாவில் தயிர் விட்டு, மூக்கு ஓரம், தாடை, நெற்றி என்று வட்டமாக ஒரு நிமிடம் தேயுங்கள். கன்னத்தில் அரை நிமிடம் போதும். பாத்திரம் விளக்குகிற கை வேண்டாம், கைக்குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கை வேண்டும். கண்ணைச் சுற்றி ஒன்றும் வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு மசாஜ். முகம் வறண்டவர்கள் நாலைந்து சொட்டு பாதாம் எண்ணெய் எடுக்கலாம், பருவுள்ளவர்கள் கற்றாழைச் சோறு எடுக்கலாம். தாடையிலிருந்து காது நோக்கி, மூக்கு ஓரத்திலிருந்து நெற்றிப்பொட்டு நோக்கி, புருவத்திலிருந்து முடி நோக்கி, எப்போதும் மேலே போகிற கை. பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் வீட்டில் செய்வதில்லை, பேக்கை அப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஃபேஷியலில் உள்ள சுகமும் பாதிப் பலனும் இதில்தான் இருக்கிறது.

பேக்குக்குப் பயறு மாவு இரண்டு ஸ்பூன், தயிர் ஒன்றரை ஸ்பூன், தேன் அரை ஸ்பூன். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், வழியக் கூடாது. கண்ணையும் உதட்டையும் விட்டுப் பூசி, கண்மேல் வெள்ளரி வில்லை வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். 12, 15 நிமிடம். தாடை ஓரத்தில் வெளுக்க ஆரம்பிக்கும்போது கன்னத்தில் விரல் வைத்துப் பாருங்கள், லேசாக ஒட்டினால் அதுதான் எடுக்கும் நேரம். முழுக்கக் காய்ந்து, சிரித்தால் வெடிக்கிற அளவுக்கு விட்டால் தோலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். எடுக்கும்போது சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, நழுவுகிற மாதிரி கழுவுங்கள். முல்தானி மிட்டி போடுகிறவர்களுக்கும் இதே விதிதான், அது இன்னும் வேகமாக உறிஞ்சும்.

துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே வழக்கமாகப் போடுகிற கிரீமைப் போட்டு முடித்துவிடுங்கள்.

ஆவி பிடிக்காமல் செய்யலாமா?

தாராளமாக. ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்று நாங்களே பார்லரில் சொல்லியிருக்கிறோம். அது சரியில்லை. தோல் துவாரத்துக்குக் கதவு கிடையாது. திறந்து மூடத் தசை கிடையாது. ஆவியில் மூக்கு ஓரத்து எண்ணெய் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்து, ஒரு அடி தள்ளி முகத்தை வைத்து 5 நிமிடம். குழந்தைகள் ஓடுகிற வீட்டில் வேண்டவே வேண்டாம். மங்கு உள்ளவர்களுக்கும், முகம் அடிக்கடி சிவந்துபோகிறவர்களுக்கும் ஆவி ஆகாது. சூட்டில் இரண்டும் கூடும்.

எலுமிச்சை போட்டால் கருமை போகும் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்த கோடையில் நானும் தேனில் எலுமிச்சை பிழிந்து முகத்தில் தடவினேன். கழுவினேன் என்றுதான் நினைத்தேன். காதோரம் வழிந்த சாறு கழுத்து வரை இறங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. சுருளிப்பட்டியில் மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனேன். பந்தலுக்கு அடியில் நிழல், ஆனால் வரப்பில் நடந்த தூரமெல்லாம் பன்னிரண்டு மணி வெயில். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிந்தது, மூன்றாம் நாள் சாறு வழிந்த பாதை அப்படியே சிவப்புக் கோடாக, காதிலிருந்து கழுத்து வரை. அது காய்ந்து பழுப்பாகி, மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. எலுமிச்சை, நாரத்தை மாதிரிப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரோகூமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும், பின்பு கருக்கும். கருமை போகப் போட்டது கருமையாகவே வந்து நிற்கும். அதோடு எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2க்கும் 3க்கும் நடுவே. நம் முகத்தின் மேல்தோல் 5ஐ ஒட்டி. அவ்வளவு புளிப்பைத் தாங்க அது படைக்கப்படவில்லை. எலுமிச்சை ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் நல்லது, முகத்துக்கு வேண்டாம்.

ஆப்பசோடா, சர்க்கரை, காபித்தூள், பல் பேஸ்ட்?

நான்கும் வேண்டாம். ஆப்பசோடா எலுமிச்சைக்கு நேர் எதிர்ப் பக்கம், கரைத்தால் பி.எச். 8ஐத் தாண்டும், தோலின் காப்பைக் கழுவிவிடும். சர்க்கரையும் காபித்தூளும் கண்ணுக்குத் தெரியாமல் கீறும், குதிகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரு மேல் பேஸ்ட் வைத்தால் பரு காய்கிறதோ இல்லையோ, சுற்றி இருக்கிற தோல் புண்ணாகும்.

குமுளியில் கஸ்தூரி மஞ்சள் வாங்கினேன், நல்லதுதானா?

உடைத்துப் பாருங்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் கிழங்கின் உள்ளே வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்டச் சந்தன நிறம். முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். முகத்தில் கறை பிடிக்காது. உள்ளே பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்கிற வேறு கிழங்கு. கேரளக் கடைகளில் அதுதான் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் அதிகம் விற்கிறது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கும் மொத்தக் கடையில் அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்குவதுதான் வழி. பொடியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சமையல் மஞ்சள் போட்டே ஆக வேண்டும் என்றால் பேக்கில் ஒரு சிட்டிகை, வீட்டில் அரைத்ததாக. சாயம் கலந்த மலிவுப் பொடி முகத்தில் பட வேண்டாம். மறுநாள் பள்ளிக்கூட வேலை, ஆபீஸ் என்று இருப்பவர்களுக்கு மஞ்சளே வேண்டாம், காதோரம் இரண்டு நாள் தெரியும்.

தேங்காய் எண்ணெயில் மசாஜ் செய்யலாமா? நால்பாமராதி தைலம்?

மலைக்கு மேலே கேரளத்தில் எல்லோரும் தேங்காய் எண்ணெயில்தான் வாழ்கிறார்கள், அவர்கள் முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். வறண்ட தோலுக்கு அது நல்லதுதான், குளிப்பதற்கு முன் தடவிப் பயறு மாவில் எடுத்துவிட்டால். ஆனால் எண்ணெய் வழிகிற முகத்திலும் பரு வருகிற முகத்திலும் அது துவாரத்தை அடைக்கும். இராத்திரி தடவிவிட்டுத் தூங்கினால் ஒரு வாரத்தில் நெற்றி முழுக்கக் குட்டிக் குட்டியாக வரும்.

நால்பாமரம் என்றால் அத்தி, இத்தி, ஆல், அரசு. இந்த நாலு மரத்தின் பட்டையும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சுகிற தைலம். குழந்தைகளுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் உடம்பில் தேய்த்துக் குளிக்க அருமையானது. முகத்துக்கு என்றால் மேலே தேங்காய் எண்ணெய்க்குச் சொன்னது அப்படியே பொருந்தும்.

மலைத்தேன் போட்டால்தான் பலனா?

தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்காகத்தான் சேர்க்கிறோம். அதற்குச் சாதாரணத் தேன் போதும். கொசுத்தேன், செறுதேன் என்று மலையில் கொடுக்கிற விலைக்கு அதை முகத்தில் பூச எனக்கு மனசு வராது. தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எல்லாம் நம்பிக்கையான சோதனை இல்லை. கெட்டிப் பாகும் தண்ணீரில் அப்படியேதான் அடியில் போய் உட்காரும். தெரிந்தவர் கையில் வாங்குங்கள்.

வீட்டில் பன்னீர் திராட்சை கிலோக்கணக்கில் கிடக்கிறது. அரைத்துப் போடலாமா?

கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல் எல்லோரும் அதை முகத்துக்கும் கேட்கிறார்கள். அதில் இருக்கிற லேசான புளிப்பு தோலை மென்மையாக்கும் என்பது உண்மை, ஆனால் தயிர் செய்வதை விடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. திராட்சைத் தோட்டத்தில் எத்தனை தடவை மருந்தடிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? உப்புத் தண்ணீரில் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

பன்னீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். விசேஷத்தில் தெளிக்க வாங்குகிற பன்னீர் பாட்டில் பெரும்பாலும் தண்ணீரும் வாசனையும்தான். முகத்துக்கு அது வேண்டாம். சுத்தமான தண்ணீர் மேல்.

தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். முகம் கறுத்துவிட்டது. எந்த பேக் போட்டால் சரியாகும்?

எந்த பேக்கும் இல்லை என்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. வெயிலில் கறுத்த தோல், வெயில் குறைந்தால் தானாகவே சில வாரத்தில் மெல்லத் தெளியும். ஏலச்செடிக்கு மேலே மர நிழல் இருக்கிறது, ஆனால் ஜீப் பயணமும், காய் காயப்போடுகிற களமும், திரும்பி வரும்போது எதிர்வெயிலும் நிழல் இல்லை. காலை 5 மணிக்குக் கிளம்புகிறவரிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீன் போடுங்கள் என்று சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. காட்டன் துண்டை நெற்றி மறைய, கன்னம் மறையக் கட்டுங்கள். முடிந்தால் காலையில் ஒருமுறை எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட சன்ஸ்கிரீன் போட்டு, பத்து மணி டீ நேரத்தில் முகம் கழுவி இன்னொரு முறை.

அதை விட முக்கியம் மருந்தடித்த நாள். கையுறையோடு நெற்றி வியர்வையைத் துடைக்காதீர்கள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே சோப்புப் போட்டு முகமும் கழுத்தும் கழுவுங்கள். முகத்தில் கட்டிய துண்டை மறுநாள் துவைக்காமல் கட்டாதீர்கள். அன்று சாயங்காலம் ஸ்க்ரப், பேக் எதுவும் வேண்டாம். முகம் எரிந்தாலோ கண் கலங்கினாலோ அது அழகு விஷயம் இல்லை, ஆஸ்பத்திரி விஷயம்.

ஒரே வாரத்தில் வெளுக்கும் கிரீம் ஒன்று தோழி கொடுத்தாள். ஃபேஷியலுக்கு அப்புறம் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரே வாரத்தில் வெளுத்தால் அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் மலப்புறம் மாவட்டத்தில், விலாசம் சரியாக இல்லாத வெளுப்பு கிரீம்களைப் போட்டவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது பெரிய செய்தியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. முகத்தில் தடவியது சிறுநீரகம் வரை போகிறது. ஸ்டீராய்டு கிரீம் என்றால் முதலில் பளிச்சென்று இருக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், முடி முளைக்கும், பரு வரும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் தோல் டாக்டரிடம் கிரீம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கழுத்துக் கருப்பு தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. என்ன செய்வது?

தேய்ப்பதை நிறுத்துங்கள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாகப் பல பேருக்கு அது வரும். கேலி பயந்து கழுத்தை ரத்தம் வரத் தேய்த்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டது சர்க்கரைப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம்.

பரு இருக்கும்போது செய்யலாமா?

சீழ் வைத்த பரு இருந்தால் ஸ்க்ரப்பும் மசாஜும் கூடாது, ஒன்றைப் பத்தாக்கும். பாலும் வேண்டாம். வெறுமனே முகம் கழுவி, கற்றாழை மட்டும் போடுங்கள். கற்றாழை மடலை வெட்டியதும் கால் மணி நேரம் தலைகீழாக நிறுத்தி வையுங்கள், வடிகிற மஞ்சள் பால் அரிக்கும். உள்ளே இருக்கிற கண்ணாடிச் சோற்றைக் கழுவிவிட்டு எடுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்யலாமா?

மூன்று நாள் முன்பு செய்யுங்கள். ஏதாவது சிவந்தால் அடங்க நேரம் வேண்டும். த்ரெட்டிங் அதே நாளில் வேண்டாம். முதல் தடவை செய்கிறவர்கள் விசேஷத்துக்கென்று ஆரம்பிக்கவே வேண்டாம், இரண்டு மாதம் முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். மற்றபடி மாதம் ஒருமுறை போதும். மேல்தோல் புதிதாக மாறவே கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும்.

ஆண்கள் செய்யலாமா?

செய்யலாம். ஷேவ் செய்த அன்று மட்டும் வேண்டாம்.

அம்மாவுக்கு 62 வயது. முகத்துக்கு ஒன்றுமே செய்துகொண்டதில்லை. நான் செய்துவிடலாமா?

செய்துவிடுங்கள். வயதானவர் தோல் மெல்லியது, ஸ்க்ரப்பை விட்டுவிடுங்கள், பயறு மாவை நனைத்துத் தடவி எடுத்தால் போதும். தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்து, அதில் தேன் கலந்து வையுங்கள், குளிராமல் இருக்க அறை வெப்பத்துக்கு வந்த தயிராக. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக எடுத்து மசாஜுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நெற்றியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து நடுவிலிருந்து ஓரத்து நெற்றிப்பொட்டு வரை மெல்ல இழுங்கள், காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்துங்கள். "எனக்கெதுக்குடி இதெல்லாம்" என்று ஐந்து நிமிடம் சொல்வார்கள், பிறகு பேச்சு நின்றுவிடும். முப்பது வருடம் தோட்டத்துக்குப் போய்வந்த முகத்தை வேறு ஒரு கை தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். அப்படியே தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். பேக் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.